எண் வாசிப்பும் பின்னத்தின் பெறுமானமும்: ஒரு வரலாற்று நோக்கு

எழுதப்பட்ட எண்ணும் கணனி ஏற்றுக்கொள்ளும் எண்ணும் ஒன்றெனவே பலருங் கருதுவர். அவை எப்பொழுதும் ஒன்றல்ல என்பதையும், அவ்வேறுபாட்டை நீக்கப் பழைய பின்னக் கணிதமே துணைநின்றது என்பதையும் ஈண்டு நோக்குவோம்.

1585ஆம் ஆண்டிற் சைமன் ஸ்ரெவின் லெய்டன் நகரில் வெளியிட்ட சிறு நூல் தசமப் பின்னங்களை ஐரோப்பாவிற் பரப்பியது. அவற்றின் பகுதியெண் பத்தின் அடுக்காகும். கணனியின் வழமையான மிதவைப் புள்ளி எண்ணிலோ பகுதியெண் இரண்டின் அடுக்காகவே அமையும். பத்தின் காரணியாகிய ஐந்து இரண்டின் எவ்வடுக்கையும் வகுக்காது. ஆதலின் பத்திலொன்று துவித முறையில் முடிவிலாத் தொடராகின்றது. எங்கேனும் அதனை வெட்டுதல் வேண்டும். நம் முன்னோர் வழங்கிய பின்னங்களுள் மாகாணி (1/16) அம்முறையிற் சரியாக அமையும். மாவும் (1/20) முந்திரியும் (1/320) அமையா.

இவ்வெட்டு அற்பமானதன்று. 1991 பெப்ரவரி 25ஆந் திகதி, சவூதி அரேபியாவின் தஹ்ரானிற் படையினர் விடுதியொன்றை ஸ்கட் ஏவுகணை தாக்கியது. அமெரிக்கப் படையினர் 28 பேர் மாண்டனர். அங்கிருந்த பேற்றியற் காப்புத் தொகுதி நேரத்தைப் பத்திலொரு செக்கனாக எண்ணி, 24 துவித இலக்கங்களுள் வெட்டப்பட்ட பத்திலொன்றாற் பெருக்கியது. ஏறத்தாழ 100 மணி நேரம் ஓய்வின்றி இயங்கியமையால் வழு 0.34 செக்கனாக வளர்ந்தது. அச்சிறு பொழுதில் ஸ்கட் அரைக் கிலோமீற்றருக்கு மேற் செல்லும்.

1984இல் வரையறுக்கப்பட்ட கொமன் லிஸ்ப் மொழி பின்னத்தைத் தனியோர் எண்வகையாக ஏற்றது. 2008இற் பைத்தன் மொழியின் 2.6ஆம் பதிப்பும் பின்ன வகையொன்றைச் சேர்த்தது. இது எழுத்துச் சரத்தை நேரே வாசிக்கவல்லது. "3.125" எனும் சரத்திற் புள்ளியை நீக்கி 3125ஐத் தொகுதியெண்ணாகக் கொள்ளும், புள்ளியின் பின் மூன்று இலக்கங்கள் இருத்தலால் 1000 பகுதியெண்ணாகும். யூக்கிளிட்டின் முறையாற் பொதுக் காரணிகளுட் பெரியதாகிய 125ஐக் கண்டு வகுக்க 25/8 கிடைக்கும். "1/10" என எழுதினும் ஏற்கும். பகுதியெண் பூச்சியமாயின் மறுக்கும்.

இங்கு ஒரு மேற்கோட்குறியே பெறுமானத்தைத் தீர்மானிக்கின்றது. "0.1" எனச் சரமாகக் கொடுப்பின் விடை 1/10. குறியின்றி எண்ணாகக் கொடுப்பின் விடை 3602879701896397/36028797018963968. பிந்தியதும் துல்லியமானதே, ஆயின் ஏற்கெனவே வெட்டப்பட்ட எண்ணின் துல்லியமே அது.

பின்னங்களைக் கொண்டு கணிக்கையிற் பகுதியெண்கள் பெருகும், வேகமுங் குறையும். ஆகவே எல்லாக் கணிப்பிற்கும் அவை ஏற்றவையல்ல. எனினும் வாசிக்கும்போதே இழந்த பெறுமானத்தைப் பின்னர் எத்துணை நுட்பத்தாலும் மீட்கவியலாது என்பதே இவ்வரலாற்றால் நாம் பெறும் முடிபாகும்.