துருப்பும் குலானும்: சொல்லின் வயதும் ஆட்டத்தின் வயதும்

தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் திருவனந்தபுரம் ஆரியசாலையில் 'இருபத்தெட்டு' சீட்டாட்டத்தைக் கற்கப் புகுவோர் முதலில் ஒரு தலைகீழ் வரிசையை மனங்கொள்ள வேண்டும். குலானுக்கு (ஜாக்கி) 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் தலா 1. ராஜாவுக்கும் ராணிக்கும் ஒன்றுமில்லை. ஒரு சின்னத்துக்கு 7, நான்குக்கும் 28. இரண்டு கட்டுகளைக் கொண்டு ஆடினால் 'ஐம்பத்தாறு'.

குலானும் ஒன்பதும் ஓங்கும் இவ்வரிசை ஐரோப்பிய யாஸ் குடும்பத்துக்குரியது. அங்கே துருப்பில் மட்டும் அவை உயரும். இங்கே எல்லாச் சின்னங்களிலும். யாஸ் நெதர்லாந்தில் தோன்றியது என்பர்; துருப்பு, கிளாவர் என்பனவும் டச்சு வழிச் சொற்களே. ஆகவே 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரரே ஆட்டத்தையும் தந்தனர் என்று முடிவுகட்டத் தோன்றும். எனக்கு அதில் தயக்கம் உண்டு. கடன்சொல்லின் வயது ஆட்டத்தின் வயதாகாது. இஸ்பேட் போர்த்துகீசியத்திலிருந்து வந்தது, குலான், அடிமையைக் குறிக்கும் 'குலாம்' என்ற அரபுச் சொல்லின் திரிபு (அரசனை அடிமை வெல்லும் ஆட்டம்!). சுவிட்சர்லாந்தில் யாஸ் பற்றிய முதற்பதிவே 1796க்குரியது. டச்சுக்காரர் கொச்சியை இழந்ததோ 1795இல். தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கானர் ஆடும் கிளாவர்யாஸை அங்குள்ள இந்தியர் கற்று ஊருக்குக் கொணர்ந்திருக்கலாம் என்றொரு கருத்தும் உண்டு. அவ்வாறாயின், பிந்தி வந்த விதிக்கு வேண்டிய சொற்கள் இங்கே முன்பே வழக்கில் இருந்தன.