திரையிற் பிறந்த சிரிப்பு

பாரத நாட்டுச் சலனப் படத்தின் தந்தையெனப் போற்றப்படும் தாதா சாகிப் பால்கே 1913இல் அரிச்சந்திரன் கதையைப் படமாக்கினார் என்பதைப் பலரும் அறிவர். அவரே 1915இல் தீக்குச்சிகளைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் தனித்தனியே படம் பிடித்து, அவை தாமாகவே ஆடி ஓடுவதுபோல வேடிக்கை காட்டினார் என்பதை அறிந்தோர் சிலரே. ஊமைப் படச் சிரிப்புக்கு மொழி வேண்டியிருக்கவில்லை. 1932இல் சார்லி சாப்ளின் இலங்கைக்கே வந்து சென்றார்.

தமிழிற் பேசும் படம் 1931இல் 'காளிதாஸ்' உடன் தொடங்கிற்று. நாடக மேடைப் பபூனும் திரைக்கு வந்து சேர்ந்தான். கதைக்கும் அவனுக்கும் ஒட்டுறவு குறைவு. 1941இல் ஏ.வி. மெய்யப்பன் படமாக்கிய, பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி' முழுக்க முழுக்கச் சிரிப்பையே நம்பி நின்றது. எசமானுக்கும் வேலைக்காரனுக்கும் அதில் ஒரே பெயர். புத்தியிலும் பெரிய வித்தியாசமில்லை!

ஆயினும் நாம் நின்று பேச வேண்டியவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனே (1908–1957). 1936இல் 'சதிலீலாவதி'யில் தோன்றிய இவர், பின்னர் டி.ஏ. மதுரத்துடன் சேர்ந்து தமது நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்துத் தனியே படமாக்கிக் கொடுப்பார். படாதிபர்கள் அவற்றைத் தம் கதையின் நடுவே சேர்த்துக்கொள்வர். 1944இல் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கிற் சிறை புகுந்து 1947இல் விடுதலையானார். 1949இல் வந்த 'நல்லதம்பி'யிலேதான் அவரது 'கிந்தனார்' காலட்சேபம் இடம்பெற்றது. நந்தனார் சரித்திர நடையிலேயே, சேரிச் சிறுவன் ஒருவன் பட்டணம் சென்று கற்று உயர்வதைப் பாடினார். இது சமயத்தைப் பழிப்பதாகும் என முகஞ் சுளிப்போர் உளராயின் நாம் அவருடன் உடன்படோம். நந்தன் கோயில் வாசலிற் காத்து நின்றான். கிந்தன் பள்ளிக்கூட வாசலில். இரு கதவையும் அடைத்த கை ஒன்றேயன்றோ? அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எத்தனை பேர் இருந்து கேட்டிருப்பர்?

எமது நாட்டுக்கு வருவோம். எஸ். ராமதாஸ் எழுதி இலங்கை வானொலியில் ஒலித்த 'கோமாளிகளின் கும்மாளம்' 1976இல் 'கோமாளிகள்' என்னும் படமாயிற்று. மரிக்காராக நடித்தவர் ராமதாஸ். ஐயராக நடித்தவர் பி.எச். அப்துல் ஹமீத். பெயர்களைச் சற்றே நோக்குக! ரி. ராஜகோபாலின் அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ் பேச, எஸ். செல்வசேகரனின் உபாலி சிங்கள வாடை வீசும் தமிழ் பேசினான். உடப்புத் தமிழையும் கற்பிட்டித் தமிழையும் ஒரே சந்தையிற் கேட்டுப் பழகிய புத்தளக் கரையாருக்கு இதன் சுவையை விளக்க வேண்டியதில்லை. ஒருவர் பேச்சை மற்றவர் பேசிக்காட்ட, இருவருமே சேர்ந்து சிரிப்பது நெருங்கி வாழ்வோர்க்கே கூடும்.

1983 ஜூலைக் கலவரத்தில் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையாயிற்று. படச் சுருள்கள் பலவும் அதனுடன் எரிந்தன. 'கோமாளிகள்' படத்தைக் கொட்டகையிற் கண்ட பெரியோர் எம்மிடையே இருக்கின்றனர். எந்தக் கொட்டகையிற் பார்த்தனர், எவ்விடத்தில் சபை சிரித்தது என்பவற்றை அவர்களிடம் கேட்டு இப்பொழுதே எழுதி வைக்குமாறு சங்க இளைஞரை வேண்டுகிறோம்.