தூணுக்கடியில் யார் இருந்தார்கள்?

கே.கே. நகரில் வீட்டுவேலை செய்யும் என் பெரியம்மா, அசோக் நகர் மெட்ரோ நிலையத்தைத் தாண்டும்போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பார். "தூணு வந்தா ஜனம் போயிடும்டா" என்பார். 2015 ஜூனில் ரயில் ஓடத் தொடங்கியபோது நூறடி ரோடு முன்னேறிவிட்டது என்றார்கள். பெரியம்மாவுக்கு மட்டும் பக்கிங்காம் கால்வாய் ஞாபகம் வந்தது. அவர் பிறந்து வளர்ந்தது அந்தக் கரையில்.

அந்தக் கால்வாயின் கதையை நாம்தான் சொல்லியாக வேண்டும். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. துண்டு, 1877-78ல், தாது வருஷப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பஞ்சத்தின் முதல் அடி எப்போதும் நிலமில்லாத சேரிக்குத்தான். நிவாரணக் கூலியிலும் கை வைத்தார் ரிச்சர்ட் டெம்பிள். நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கணக்குப் போட்டார். கால்வாய்க்கு ஆளுநர் பக்கிங்காமின் பெயர் வைத்தார்கள். மண் சுமந்தவர்களுக்குப் பெயரே இல்லை.

படகுகள் நின்று கால்வாய் சாக்கடையானபின் அந்தக் கரையில் குடிசை போட்டவர்களும் நம் ஜனங்கள்தான். சித்தாள் வேலைக்கும் பாத்திரம் தேய்க்கவும் மயிலாப்பூர் நடக்கும் தூரம். பிறகு பறக்கும் ரயில் வந்தது. 1995ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை, 1997ல் மயிலாப்பூர் வரை, 2007ல் வேளச்சேரி வரை. தனியார் நிலத்தில் கை வைக்காமல் கால்வாய்க்குள்ளேயே தூண்களை நட்டார்கள். தண்ணீருக்கு வழி குறுகியது. குடிசைகள் பிரிக்கப்பட்டன. 2000ல் பெரியம்மாவின் தட்டுமுட்டுச் சாமான்கள் லாரியில் ஏறி, ஒக்கியம் துரைப்பாக்கம் கண்ணகி நகரில் இறங்கின. அன்று அந்தப் பக்கம் ரயிலே கிடையாது. "எங்க எடத்துல ரயிலு, எங்களுக்கு ரெண்டு பஸ்ஸு" என்று இன்றும் சொல்வார். வேலைக்குப் போய்வரவே பாதி நாள் போயிற்று.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், கால்வாய் ஆக்கிரமிப்பு என்று சொல்லி நீதிமன்ற உத்தரவுப்படி வீடுகளை இடித்தார்கள். அங்கே ஒருவர் தீக்குளித்துச் செத்தார். அதே கால்வாயில் நிற்கும் தூண்களை இடிக்க எந்த உத்தரவும் வரவில்லை. தூண் நின்றால் பொதுநலன், குடிசை நின்றால் ஆக்கிரமிப்பு!

ரயில் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. யார் பக்கத்தில் யார் உட்காருவது என்ற சாதிக் கணக்கை ரயில் பெட்டி கொஞ்சமாவது கலைத்தது. ஆனால் கிராமத்தில் ஊர்ப்பொதுக் கிணறு என்றால் சேரி நீங்கலாகத்தானே? பட்டணத்தின் 'பொது' மட்டும் வேறா?

இப்போது கே.கே. நகருக்குப் பக்கத்தில் ஆற்காடு சாலையிலும் தூண்கள் எழுந்துவிட்டன. பெரியம்மா அதையும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுக்கடியில யாருடா இருந்தாங்க?"