குரொம்வெல் என்னும் குடிப்பெயர்

இங்கிலாந்தின் வரலாற்றைக் கற்பார் எவரும் ஒலிவர் குரொம்வெல்லின் பெயரை அறியாதிரார். முதலாம் சாள்ஸ் மன்னனின் கொலைத்தண்டனை ஆணையில் 1649இல் கைச்சாத்திட்டோருள் அவர் ஒருவர். 1653 முதல் 1658 வரை காவற்றலைவராக அந்நாட்டை ஆண்டவர். ஆயினும் அவர் தாங்கிய குடிப்பெயர் தந்தைவழி முன்னோர்க்கு உரியதன்று. அது ஒரு பெண்வழியாக வந்து சேர்ந்த பெயராகும்.

சொல்லின் பிறப்பு எளிது. பழைய ஆங்கிலத்தில் 'கிறும்ப்' என்பது வளைந்தது என்றும், 'வெல்லா' என்பது ஊற்று அல்லது ஓடை என்றும் பொருள்படும். ஆகவே 'வளைந்த ஓடை' என்பதே பெயரின் பொருள். நொற்றிங்காம் கோட்டத்தில், திறென்ற் ஆற்றை அடுத்து இப்பெயருடைய சிற்றூர் ஒன்று உளது. 1086ஆம் ஆண்டின் 'டூம்ஸ்டே' நிலப்பதிவேட்டிலும் அது குறிக்கப்பட்டுள்ளது. அவ்வூர்ப் பெயரைத் தாங்கிய பிரபுக் குடும்பத்தில் வந்த றால்ப் குரொம்வெல், 1433 முதல் 1443 வரை அரச பொருளாளராயிருந்து, தற்றர்சோலில் செங்கற் கோபுரமொன்றை எழுப்பி, 1456இல் மக்கட்பேறின்றி மறைந்தார். ஒரே பெயர் தாங்கியோரெல்லாம் ஒரே குருதியினர் எனக் கொள்வது வமிசாவளி எழுதுவோர் பலர்க்கு இயல்பு. அவ்வியல்பு இவ்விடத்தில் நம்மை வழிதவறச் செய்யும்.

ஏனெனில், இலண்டனுக்கு அணித்தாயுள்ள பட்னியில் வாழ்ந்த உவோல்ற்றர் குரொம்வெல் கொல்லுத் தொழிலும் மதுவடித்தலும் செய்தவர். அவருடைய மகனே எட்டாம் ஹென்றியின் பேரமைச்சராய் உயர்ந்த தோமஸ் குரொம்வெல். தோமஸின் தமக்கை கதரின், மோர்கன் வில்லியம்ஸ் என்பவரை மணந்தாள். மோர்கன் வேல்ஸ் நாட்டின் கிளாமோர்கன் பகுதியினின்று வந்து பட்னியிற் குடியேறியவர்.

வேல்ஸ் மக்களிடையே அக்காலத்தில் நிலையான குடிப்பெயர் பெரும்பாலும் இருந்திலது. தன் பெயரோடு தந்தை பெயரைச் சேர்த்து, இடையே மகன் எனப் பொருள்படும் 'அப்' என்னும் சொல்லை வைத்தல் அவர் வழக்கம். 'அப் றைஸ்' என்பது 'பிறைஸ்' ஆனதும், 'அப் ஹௌவெல்' என்பது 'பவல்' ஆனதும் இவ்வாறே. வில்லியம்ஸ் என்பதும் வில்லியத்தின் மகன் என்னும் அளவினதே. அஃது ஒரு தலைமுறைக்கு முந்திய பெயர். அதனைக் கைவிடுதல் பெரிய இழப்பாகத் தோன்றியிராது.

மோர்கனின் மகன் றிச்சேட் மாமனின் பணியிற் சேர்ந்து, மாமனின் பெயரையும் ஏற்றார். அப்பெயரால் வந்த பயன் சிறிதன்று. 1536 தொடக்கம் 1540 வரை மடங்கள் கலைக்கப்பட்டபோது, ஹன்ற்றிங்டன் கோட்டத்தின் ஹிஞ்சிங்புறூக் கன்னியர் மடமும் செல்வம் மிக்க றாம்சே மடமும் றிச்சேட்டின் கைப்பட்டன. 1540 யூலை 28இல் தோமஸ் தலை துணிக்கப்பட்டார். துரோகி எனத் தீர்க்கப்பட்டவனின் பெயரை உடனே களைந்தெறிதலே அரசவையில் வாழ்வார்க்குப் பாதுகாப்பு. றிச்சேட் அதனைச் செய்தாரில்லை. நன்றியுணர்வோ, நிலங்களின் உரிமைப்பத்திரங்கள் அப்பெயரில் இருந்தமையோ காரணம் எனலாம். இரண்டும் கலந்திருத்தலே பொருத்தமாகும். சட்டப் பத்திரங்களில் மட்டும் 'வில்லியம்ஸ் எனப்படும் குரொம்வெல்' என்னும் இரட்டை வழக்கு தலைமுறைகளாக நீடித்தது.

றிச்சேட்டின் மகன் ஹென்றி; ஹென்றியின் மகன் றொபேட்; றொபேட்டின் மகனே 1599இல் ஹன்ற்றிங்டனிற் பிறந்த ஒலிவர். தந்தைவழி மரபைப் பேணியிருப்பின் வரலாறு அவரை ஒலிவர் வில்லியம்ஸ் என்றே அறிந்திருக்கும். அம்மரபை அவர் மறந்தாருமல்லர். காவலாட்சியின் அரச இலச்சினை நடுவே கறுப்புத் தளத்தில் நின்ற வெள்ளிச் சிங்கம், அவருடைய வேல்ஸ் முன்னோரின் சின்னமாகும்.

1660இல் முடியாட்சி மீண்டது. அடுத்த ஆண்டு சனவரி 30இல் ஒலிவரின் உடல் தோண்டியெடுக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டது. றாம்சேயில் வாழ்ந்த உறவினரான ஹென்றி குரொம்வெல் அரசபக்தர். அவர் வில்லியம்ஸ் என்னும் பழைய பெயருக்கே திரும்பினார். முன்னே ஆதாயத்தின்பொருட்டு நீக்கிய பெயர் இப்போது அச்சத்தின்பொருட்டு வேண்டப்பட்டது. ஒலிவரின் நேர்வழியினரோ தம் பெயரை மாற்றினாரல்லர். அவ்வழியில் வந்த இறுதி ஆண்மகன் செஷண்ற் என்னுமிடத்தில் வாழ்ந்த மற்றோர் ஒலிவர் குரொம்வெல். அவர் தம் முன்னோரின் சரிதையை 1820இல் வெளியிட்டு, மறு ஆண்டில் இறந்தார். அவர்க்குப் பின் எஞ்சியவள் எலிசபெத் ஒலிவேரியா என்னும் மகள். அவளோ மணத்தால் றசல் குடும்பத்திற் புகுந்தவள்.