போடி ஏலக்கூடமும் மேகக் கணினியும்: ஏலக்காய்ச் சந்தை ஒன்றானது எப்போது?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் கணினிக்கு மாறியது 2007இல். போடியும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியும் மேகக் கணினி வழியே ஒரே நேரடி ஏலத்தில் இணைந்தது 2021இல். இந்த மாற்றத்தைத் தொழில்நுட்பத்தின் கணக்கில் மட்டும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. தகவல் பாய்ந்தால் சந்தை தானே ஒன்றாகும் என்ற அந்த வாசிப்புக்கு வேராக இருப்பது ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட கேரள மீன் சந்தை ஆய்வு.

ஜென்சனின் சான்றுகள் வலுவானவை. 1997 ஜனவரியில் ஒரு காலை, வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளின்றிப் பிடித்த மீனைக் கொட்டினார்கள். அதே நேரத்தில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த வேறு கரைகளில் வாங்க வந்த 27 பேர் மீன் கிடைக்காமல் நின்றார்கள். காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு கரைகளுக்குக் கைப்பேசி படிப்படியாக வந்தது. கரைக்குக் கரை இருந்த விலை வேறுபாடு சுருங்கியது. மீனவர் லாபம் சராசரியாக 8 விழுக்காடு உயர, நுகர்வோர் விலை 4 விழுக்காடு குறைந்தது. தனிக் கருவி ஒன்று, அதுவும் அரசு தராத கருவி, சந்தையைச் சீராக்கியது என்பதே ஜென்சனின் முடிவு.

மீனுக்குப் பொருந்தும் இந்த முடிவு ஏலக்காய்க்குப் பொருந்தாது. மீன் சில மணி நேரத்தில் கெடும். எந்தக் கரையில் ஆள் நிற்கிறார் என்று தெரிந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். உலர்ந்த ஏலக்காய் காத்திருக்கும். அதன் விலையைத் தீர்மானிப்பது காயின் பச்சை நிறமும் பருமனும் லிட்டர் எடையும். 'ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு' தரத்துக்குக் குறைந்தது 7 மில்லிமீட்டர் பருமனும், லிட்டருக்கு 435 கிராம் எடையும் வேண்டும். கம்பத்திலிருந்து வண்டன்மேட்டுக்குப் போன் போட்டு விலை கேட்கலாம். காயைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. முன்பின் அறியாதவரிடம் வாங்கவும் விற்கவும் பொது விதியும் பொதுப் பதிவும் தேவை. போடியில் அவை கணினிக்கு முன்பே வந்துவிட்டன. 1987ஆம் ஆண்டின் ஏலக்காய் உரிம, விற்பனை விதிகள் ஏலம் நடத்துபவருக்கும் வாங்கும் வியாபாரிக்கும் உரிமத்தைக் கட்டாயமாக்கின. தமிழ்நாடு, கேரளம் என மாநில எல்லைக்கு இருபுறமும் விதி ஒன்றே.

பதிவும் பொதுவாக இருந்தது என்பதற்கு ஒரு சிறு சான்று உண்டு. நறுமணப் பொருட்கள் வாரியம் சிறிய ஏலக்காய்க்கு வெளியிடும் தினசரி ஏல அட்டவணையை எடுத்துக்கொள்ளலாம். தேதி, ஏலம் நடத்தும் நிறுவனம், லாட்டுகளின் எண்ணிக்கை, வந்த அளவு, விற்ற அளவு, அதிகபட்ச விலை, சராசரி விலை எனப் பத்திகள் போகின்றன. ஊருக்குப் பத்தி இல்லை. ஆனால் அதே வாரியம் பெரிய ஏலக்காய்க்குத் தரும் அட்டவணையில் காங்டாக், சிலிகுரி என்று சந்தையின் பெயர் தனியே நிற்கிறது. சிறிய ஏலக்காயின் பதிவேடு ஊரை அலகாகக் கொள்ளவில்லை. உரிமம் பெற்றவரையே அலகாகக் கொண்டது. கூடங்கள் கணினியில் இணையும் முன்பே, பதிவேட்டில் போடியும் புற்றடியும் ஒரே சந்தை.

இந்த வாதத்தின் பலவீனம் வெளிப்படை. பெரிய ஏலக்காயின் விலை இதே ஏலமுறையில் பிறப்பதில்லை. ஆகவே ஒப்பீடு நேர் ஒப்பீடு அல்ல. ஊர்ப் பத்தி விடுபட்டது வடிவமைப்பாளரின் அலட்சியமாகவும் இருக்கலாம். ஆயினும் விதியும் பதிவேடும் ஒரே திசையைக் காட்டும்போது, விடுபட்டதைத் தற்செயல் என்று தள்ளுவது எளிதல்ல.

அப்படியானால் 2007இன் கணினி செய்தது என்ன? குரல் கொடுத்து விலை ஏற்றிய முறையைத் திரைக்கு மாற்றியது. ஆனால் கூடம் தனித்தனியாகவே இருந்தது. புற்றடி ஏலத்தில் கேட்கப் புற்றடிக்கே போக வேண்டியிருந்தது. 2019 ஆகஸ்ட் 3 அன்று கிலோவுக்கு ரூ.7,000 என்ற உச்ச விலை அந்தக் கூடத்தில்தான் பதிவானது. 2020 ஊரடங்கில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு எல்லைகள் மூடப்பட்டபோது தனிக் கூடங்களின் குறை அப்பட்டமாகத் தெரிந்தது. தோட்டம் கேரளத்தில், வீடும் கடையும் தேனி மாவட்டத்தில் என்று வாழ்வோர் இங்கே ஏராளம். 2021இன் இணைப்பு அந்தக் குறையைத் தீர்த்தது. பெருந்தொற்றுதான் அதற்கு முழுக் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. முடுக்கிவிட்டது என்று சொல்லலாம்.

ஆகவே தொடக்க ஆண்டு 1987ஆ, 2007ஆ, 2021ஆ என்பதற்கு ஒரே விடை இல்லை. விதி, திரை, கூடம் ஆகியவற்றில் எதை அளவுகோலாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. பொதுத் தளம் தனிக் கருவிகளை வென்றது, அதற்கு முன்பே விதி பொதுவாக இருந்ததால்தான் என்பதே இக்கட்டுரையின் நிலை. இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது: லாட்டை எடுத்தவர் எந்தக் கூடத்திலிருந்து கேட்டார் என்பதற்கும் வாரியம் தன் அட்டவணையில் ஒரு பத்தி சேர்க்க வேண்டும்.