லிவர்பூல் விதிகளும் ஈரோட்டுப் பஞ்சும்

ஈரோடு, திருப்பூர், கோவை வட்டாரத்து நூற்பாலைகளுக்கு எகிப்தின் கீசா, அமெரிக்காவின் சுப்பிமா முதலிய நீளிழைப் பஞ்சு கடல்கடந்து வருகிறது. அவ்வணிகத்தின் ஒப்பந்தத்தாளில் 'லிவர்பூல் விதிகள், லிவர்பூல் மத்தியஸ்தம்' என்னும் பொருளில் ஒரு வரி இருப்பது வழக்கம். அதில் கையொப்பமிடுபவர், பிணக்கு எழுந்தால் அதனை ஈரோட்டு நீதிமன்றம் அன்று, இங்கிலாந்துச் சட்டத்தின்படி பஞ்சு வணிகம் அறிந்த நடுவர்களே தீர்ப்பர் என்று ஒப்புக்கொள்கிறார்.

1841இல் லிவர்பூல் பஞ்சுத் தரகர்கள் அமைத்த சங்கம் அது. 2004 முதல் அதன் பெயர் சர்வதேசப் பஞ்சுச் சங்கம். விற்றவர் ஒரு நடுவரையும் வாங்கியவர் ஒரு நடுவரையும் நியமிப்பர்; தலைவரைச் சங்கம் நியமிக்கும். பஞ்சின் தரம் பற்றிய வழக்கு மாதிரியைக் கொண்டு தனியே தீர்க்கப்படும்.

இவ்விதிகளுள் கடுமையானது, ஒப்பந்தத்தை வெறுமனே இரத்துச் செய்ய இயலாது என்பதே. 2011 மார்ச்சில் பஞ்சின் விலை பவுண்டுக்கு 2 டாலரைக் கடந்தது. அவ்வாண்டின் இறுதிக்குள் 1 டாலருக்கும் கீழே விழுந்தது. விலை ஏறியபோது விற்றவர்கள் சொல் தவறினர். விழுந்தபோது வாங்கியவர்கள் தவறினர். ஓர் ஆலை 1.50 டாலருக்கு 100 டன் பேசிவிட்டு, விலை 0.90 ஆனதும் பின்வாங்கியது என்று கொள்வோம். பஞ்சு வராமலேயே ஏறத்தாழ 1,32,000 டாலர் வித்தியாசத்தை அது செலுத்த வேண்டும். செலுத்தாதோரின் பெயர் சங்கத்தின் பட்டியலில் ஏறும். உறுப்பினர் எவரும் அவர்களோடு வணிகம் செய்யலாகாது. 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையை இந்தியா ஏற்றிருப்பதால், அத்தீர்ப்பை இங்குள்ள உயர்நீதிமன்றத்தின் வழியாகவும் நிறைவேற்றக் கோரலாம்.

நம் மார்க்கத்திற்கு இது முற்றிலும் அந்நியமன்று. மதீனாவில் பேரீச்சம்பழத்திற்கு ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே பணம் கொடுக்கும் வழக்கத்தைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அளவும் எடையும் தவணையும் திட்டமாகக் குறிக்கப்பட வேண்டும் என நெறிப்படுத்தினார்கள். உஸ்மானியரின் ஹனஃபிச் சட்டத்தொகுப்பான மஜல்லாவில் தஹ்கீம் எனும் மத்தியஸ்தம் பற்றிய சட்டங்கள் 1841ஆம் எண்ணில் தொடங்குவது சுவையான தற்செயல். ஆனால் வேறுபாடு உண்டு: தீர்ப்பு வருமுன் நடுவரை விலக்க மஜல்லா இருதரப்புக்கும் இடமளிக்கிறது, லிவர்பூலில் ஒருவர் தனியே விலகிவிட முடியாது. என் பார்வையில், அடுத்த பருவத்துப் பஞ்சை இன்றே பேசும் வணிகத்திற்கு லிவர்பூலின் முறையே உறுதி தருகிறது.

உறுத்துபவை வேறு. ஸலம் வணிகத்தில் விலை முழுவதும் முன்னரே கைமாற வேண்டும். இங்கோ பணமும் சரக்கும் இரண்டுமே பிற்பட்டவை. சரக்கே மாறாமல் வித்தியாசத்தை மட்டும் பெறுவதும் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிய வேண்டியது. இவற்றோடு, தீர்ப்புத் தொகையின் மீது வட்டியும் ஏறக்கூடும். இக்கடைசிச் சிக்கலுக்கு மட்டும் ஒரு வாயில் திறந்திருக்கிறது. இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டத்தின் 49ஆம் பிரிவு, வட்டி விதிக்கும் அதிகாரம் நடுவருக்கு உண்டா இல்லையா என்பதை இருதரப்பினரும் பேசி முடிவுசெய்துகொள்ள அனுமதிக்கிறது. அதனை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டிய நேரம் கையொப்பமிடுவதற்கு முன்பே. பிணக்கு முற்றிய பின் மறுதரப்பு அதற்கு இசையாது.