ஓசூர் – கிருஷ்ணகிரி வட்டாரத்தில் நாய்க் குடற்புழு: குதிரைப் பண்ணை முதல் தொழிற்பேட்டை வரை

ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் உள்ள அரசு கால்நடைப் பண்ணை 1824இல் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கப்பட்டது. 1,600 ஏக்கருக்கும் மேலான அந்த நிலம் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மாட்டுப் பண்ணையாக மாறியது. ஓசூரில் கால்நடைத் துணை இயக்குநராக இருந்த ஆர்.டபிள்யூ. லிட்டில்வுட் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி 1936இல் வெளியிட்ட நூலை, மாட்டினங்களை ஆராய்பவர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். அதே மத்திகிரியில் இப்போது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி நடக்கிறது. முதலில் குதிரை, பிறகு மாடு, பிறகு கோழி. எந்தக் காலத்தில் எந்த விலங்கு அரசுக்குப் பயன்பட்டதோ, அந்த விலங்குக்குத்தான் மருத்துவம் வந்தது. இந்த வரிசையில் நாய்க்கு இடம் கிடைக்கவில்லை. வெறிநோய் என்ற ஒரே வாசல் வழியாகத்தான் அது அரசாங்கத்தின் கண்ணில் பட்டது. நாயின் குடலில் வாழும் புழுக்களைப் பற்றி அறிவியல் 150 ஆண்டுகளுக்கும் மேலாக அறிந்துவந்திருக்கிறது. அந்த அறிவு கர்நாடக எல்லையை ஒட்டிய இந்த ஊர்களுக்கு ஏன் இறங்கி வரவில்லை என்பதைத்தான் இக்கட்டுரை தேடுகிறது.

இந்த வட்டாரத்தில் நாய் அந்நியமான பிராணி இல்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் பகுதிகள் நடுகற்களுக்குப் பேர்போனவை. செங்கத்தை அடுத்த எடுத்தனூரில், ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் ஆட்சிக்காலத்தில் நட்ட கல்லில், எருமைகளைக் காக்கப் போராடி இறந்த வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரும் கல்வெட்டில் உண்டு. மந்தை காத்த நாய்க்குக் கல் நட்ட மண்ணில், அதே நாயின் நோயை எழுதிவைக்க ஒரு பதிவேடு இல்லாமல் போனது பிற்கால நிர்வாகத்தின் வேலை.

ஆய்வகத்தில் நாய்ப்புழு

இந்தியத் தெருநாயின் உடலை ஒட்டுண்ணிகளுக்காக அக்கறையோடு அறுத்துப் பார்த்தவர்களில் முந்தியவர், கல்கத்தாவில் பணியாற்றிய ராணுவ மருத்துவர் டிமோதி லூயிஸ். மனித ரத்தத்தில் யானைக்கால் நோயின் நுண்புழுவைக் கண்டவர் அவர். 1874இல் வெளியிட்ட ஆய்வில், தெருநாய்களின் உணவுக்குழாயிலும் மகாதமனியிலும் கட்டிகளை உண்டாக்கும் ஒரு புழுவை விவரித்தார். அவர் தேடியது மனித நோயின் விளக்கத்தை. நாய் அதற்கு வாகான உடலாகக் கையில் கிடைத்தது. அடுத்த நூறாண்டின் போக்கும் இதுவே.

கொக்கிப்புழுவின் கதையிலும் இதைப் பார்க்கலாம். கொக்கிப்புழுவின் இளம்புழு தோலைத் துளைத்து உடலுக்குள் போகிறது என்பதை ஆர்தர் லூஸ் 1898இல் கெய்ரோவில் தற்செயலாகக் கண்டறிந்தார். இளம்புழுக்கள் இருந்த நீர் அவர் கையில் சிந்தி, அந்த இடம் அரித்துச் சிவந்தது. அதே லூஸ் 1911இல், இலங்கையிலிருந்து கிடைத்த புனுகுப்பூனையின் குடலில் ஒரு புதிய கொக்கிப்புழுவைக் கண்டு அதற்கு ‘சிலானிக்கம்’ என்று பெயரிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1913இல், இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த கிளேட்டன் லேன் வங்காளத்தில் மனிதர்களிடமும் அது வாழ்வதைக் காட்டினார். விலங்குக்கும் மனிதனுக்கும் பொதுவான ஒரு புழு இருக்கிறது என்பது அப்போதே அச்சேறிவிட்டது.

ஆனால் அதே ஆண்டில், இந்தப் புழுவும் பிரேசிலில் விவரிக்கப்பட்ட ‘பிரேசிலியன்ஸ்’ புழுவும் ஒன்றே என்று லண்டனின் ராபர்ட் லெய்ப்பர் தீர்ப்பு எழுதினார். அந்தக் கருத்துதான் நிலைத்தது. 1951இல் இத்தாலியரான பியோக்கா இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்று மீண்டும் நிறுவும்வரை, ஏறத்தாழ 40 ஆண்டுகள் பெயர்க் குழப்பத்தில் கழிந்தன. பெயர்தானே என்று தள்ளிவிட முடியாது. பிரேசிலியன்ஸ் மனிதத் தோலுக்குள் ஊர்ந்து அரிப்பைத் தந்துவிட்டு அங்கேயே மடிந்துபோகும். சிலானிக்கம் மனிதக் குடலில் தங்கி வளர்ந்து, ரத்தம் குடித்து, முட்டையும் இடும். இரண்டையும் ஒன்றாக்கிய காலத்தில் நாயிடமிருந்து வரும் கொக்கிப்புழு என்றால் சொறியும் தடிப்பும் என்பதோடு பேச்சு முடிந்தது.

இந்திய வீட்டுவிலங்குகளின் புழுக்களைத் தொகுத்து ஜி.டி. பாலேராவ் 1935இல் நூல் எழுதினார். சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி அதற்கு முன்பே, 1903இல், தொடங்கப்பட்டுவிட்டது. நாய்ப்புழு ஆராய்ச்சியில் அக்கல்லூரியின் எம். அனந்தராமன் பெயரைத் தனியாகச் சொல்ல வேண்டும். லூயிஸ் பார்த்த அந்த உணவுக்குழாய்ப் புழு சாணவண்டு வழியாக நாயை அடைகிறது. வண்டைத் தின்ற ஓணானுக்குள்ளும் அதன் இளம்புழு உயிரோடு காத்திருந்து, அந்த ஓணானைப் பிடித்துத் தின்னும் நாய்க்குள் போய்ச் சேரும் என்பதை அனந்தராமனும் சென் என்ற ஆய்வாளரும் 1966இல் சோதனையால் காட்டினார்கள். சென்னையின் வேலியோர ஓணானை வைத்துச் செய்த அந்த ஆய்வு அமெரிக்க ஒட்டுண்ணியியல் இதழில் வெளிவந்தது. கெலமங்கலத்திலோ அஞ்செட்டியிலோ நாய் வளர்ப்பவர் காதுக்கு அது வந்து சேர வழி ஏதும் இருக்கவில்லை.

மருந்து வந்த திசை

மருந்தின் வரலாறு இன்னும் வேடிக்கையானது. பாக்கிலிருந்து எடுக்கும் அரிகோலின் ஐரோப்பியக் கால்நடை மருத்துவத்தில் நாயின் நாடாப்புழுவுக்கு மருந்தாக இருந்தது. கொடுத்த சிறிது நேரத்தில் நாய் கழிந்துவிடும். கழிந்ததை அலசிப் புழுவைத் தேடுவார்கள். ஆடு மாட்டின் ஈரலில் நீர்க்கட்டிகளை உண்டாக்கும் புழுவுக்கு நாய்களைச் சோதிக்க நெடுங்காலம் இதைவிட நல்ல முறை இருக்கவில்லை.

1920களில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு சென்னை மாகாணத்தில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் நடந்தது. அந்தக் காலத்து இயக்கங்களில் உலகெங்கும் மளமளவென்று பரவிய மருந்து கார்பன் டெட்ராகுளோரைடு. அது கொக்கிப்புழுவைக் கொல்லும் என்று அமெரிக்கக் கால்நடை ஆய்வாளர் மாரிஸ் ஹால் 1921இல் கண்டறிந்தது நாய்களிடம். பிறகு தானே விழுங்கிப் பார்த்தார். அதன் பின்னரே அது மனிதர்களுக்குப் போனது. கல்லீரலைக் கெடுக்கும் அந்த மருந்து பின்னாளில் கைவிடப்பட்டது. நாயின் குடலில் கற்றுக்கொண்டதை மனிதக் குடலுக்குக் கொண்டுபோன மருத்துவம், மனிதனுக்கு மருந்து கொடுத்த ஊரில் வாசலில் படுத்திருந்த நாயைத் திரும்பிப் பார்க்கவில்லை. பைரன்டெல், பென்பென்டசோல், பிராசிகுவான்டெல் என்று நாய்க்குப் பாதுகாப்பான மருந்துகள் 1960களின் பிற்பகுதியிலிருந்து ஒவ்வொன்றாக வந்து, இன்று சாதாரண மருந்துக்கடையிலேயே மாத்திரையாகக் கிடைக்கின்றன. ஆகவே மருந்தில்லை என்ற சாக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே காலாவதியாகிவிட்டது.

குட்டியின் ஈறு

நாய்க் கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு மண்ணில் விழுந்தால், ஈரமும் நிழலும் சூடும் கூடிய இடத்தில் சுமார் ஒரு வாரத்தில் தொற்றக்கூடிய இளம்புழுவாகிவிடும். சுள்ளென்ற வெயில் அதைக் கொன்றுவிடும். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டரை நெருங்கும் ஓசூர் மேட்டுநிலத்தின் மிதமான தட்பவெப்பம், மாந்தோப்பு நிழல், சொட்டுநீர் பாயும் தக்காளிப் பாத்தி, தொழுவத்தின் பின்புறம் ஆகியவை அதற்கு வசதியான இடங்கள்.

வளர்ந்த நாயின் உடலில் நுழையும் இளம்புழுக்கள் எல்லாமே குடலுக்குப் போவதில்லை. ஒரு பகுதி தசைகளில் உறங்கிக் கிடக்கும். பெட்டை சினைப்பட்டு ஈன்றதும் அவை விழித்துப் பால்மடிக்கு வந்து, பாலோடு குட்டிகளின் வாய்க்குப் போகின்றன. உருண்டைப்புழு இன்னும் ஒரு படி மேலே: குட்டி கருவில் இருக்கும்போதே தொப்புள்கொடி வழியாக அதற்குள் போய்விடுகிறது. கண் திறக்காத குட்டிக்கு மண் மூலம் தொற்று வர வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு கொக்கிப்புழு நாளொன்றுக்கு 0.1 மில்லி அளவுக்கு ரத்தம் குடிக்கும். நூறு புழு என்றால் பத்து மில்லி. அரைக்கிலோ எடைக் குட்டிக்கு இது தாங்காது. மேலுதட்டைத் தூக்கினால் ஈறு வெளுத்திருக்கும், மலம் தார்போலக் கறுத்து வரும், வயிறு உப்பி விலா தெரியும். ‘குட்டி சவலையாப் போச்சு, நிக்காது’ என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். கால்நடை மருத்துவமனையில் கொஞ்சம் மலத்தை நிறைவுற்ற உப்புக்கரைசலில் கலக்கி, கால்மணி நேரம் விட்டு, மேலே மிதந்து வந்ததைக் கண்ணாடித் துண்டில் எடுத்துப் பார்த்தால் மெல்லிய ஓட்டுக்குள் சில உயிரணுக்கள் பிரிந்த நிலையில் முட்டைகள் தெரியும். ஆனால் பாலில் தொற்றிய குட்டி, முட்டை மலத்தில் வரும் முன்பே செத்துப்போவது உண்டு. எந்த இனக் கொக்கிப்புழு என்பதையும் அந்த முட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நாயின் ஆசனவாயில் வெள்ளரி விதை போல ஒட்டிக்கொண்டிருப்பவை தெள்ளுப்பூச்சி வழியாக வரும் நாடாப்புழுவின் துண்டுகள். பார்க்க அருவருப்பாக இருப்பதால் வீட்டார் பதறுவது இதைக் கண்டுதான். கண்ணுக்குத் தெரியாத கொக்கிப்புழுவோடு ஒப்பிட்டால் இது சாது.

சிப்காட்டுக்குப் பிறகு

1965இல் சேலத்திலிருந்து தருமபுரியும், 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரியும் தனி மாவட்டங்களாயின. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என ஆலைகள் வந்தன. 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. ராகிக் களியும் மோரும் தின்று தொழுவத்தைக் காத்த நாய், இந்த அரை நூற்றாண்டில் மனைப்பிரிவுகளின் நாயாகவும் கோழிக்கடை நாயாகவும் ஆகிவிட்டது.

கோழிக்கழிவைத் தின்பதால் நாய்க்குப் புழு வருகிறது என்று ஊரில் சொல்வார்கள். கொக்கிப்புழுவும் நாயின் உருண்டைப்புழுவும் கோழிக் குடலில் குடியிருப்பவை அல்ல. கழிவின் பங்கு வேறு. முன்பு ஒரு தெரு தாங்கியதைவிடப் பல மடங்கு நாய்களை அது தாங்குகிறது. ஒரே மண்ணில் மலம் சேருகிறது. மருந்து காணாத பெட்டைகள் ஆண்டுதோறும் ஈனுகின்றன. உண்மையில் பயப்பட வேண்டியது, ஆடு மாடு அறுத்த இடத்தில் வீசப்படும் ஈரலும் நுரையீரலும். நீர்க்கட்டிகள் உள்ள அந்த உறுப்பைத் தின்ற நாயின் குடலில் வளரும் புழுவின் முட்டை, மனித வயிற்றுக்குள் போனால் கல்லீரலில் கட்டியாகிறது. நீர்க்கட்டி நாயின் குடலில் புழுவாக வளர்வதைச் சீபோல்ட் 1853இலேயே சோதனை செய்து காட்டினார். கிடாவெட்டு முடிந்த தோப்பில் குடலும் ஈரலும் நாய்க்குப் போவதை இன்றும் யாரும் தடுப்பதில்லை.

அண்டை மலையின் சான்று

கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே திருப்பத்தூரைத் தாண்டினால் ஜவ்வாது மலை. அங்கே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் மனித மலம், நாய் மலம், மண் மூன்றிலும் கொக்கிப்புழுக்களை மரபணு முறையில் இனம் பிரித்து 2016இல் வெளியிட்டார்கள். மனிதர்களிடம் மேலோங்கியது மனிதக் கொக்கிப்புழு. நாய்களிடம் பெரும்பாலும் நாய்க் கொக்கிப்புழு, கூடவே லூஸின் சிலானிக்கம். அதற்கு முன், 2002இல் அசாம் தேயிலைத் தோட்டங்களில் ரெபேக்கா டிராப் குழுவினர் 101 நாய்களைச் சோதித்தபோது 99 சதவீத நாய்களிடம் மனிதருக்குத் தொற்றக்கூடிய குடல் ஒட்டுண்ணி ஏதாவது ஒன்று இருந்தது. 94 சதவீதத்தில் கொக்கிப்புழு. மனித மலத்தைத் தின்ற நாய், மனித உருண்டைப்புழுவின் முட்டைகளைச் சிதையாமல் வேறிடத்தில் கொண்டுபோய்ப் போடுவதையும் அந்த ஆய்வு காட்டியது.

2015 முதல் பிப்ரவரி 10ஆம் தேதியை ஒட்டித் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பிள்ளைகளுக்கு அல்பென்டசோல் தரப்படுகிறது. கழிப்பறைகளும் பெருகியிருக்கின்றன. இரண்டும் மனிதப் புழுவின் சுற்றை அறுக்கும். வாசலில் படுத்திருக்கும் நாயின் குடலில் வாழும் சிலானிக்கத்தை இரண்டுமே தொடாது. கால்நடை முகாமிலோ மாட்டுக்கும் ஆட்டுக்கும் புழு மருந்து ஊற்றுகிறார்கள். நாய் வந்தால் வெறிநோய் ஊசி. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் அமைந்த நாளிலிருந்து நாய் என்றால் அதன் பல் மட்டுமே அரசின் கவலை. சுகாதாரத் துறைக்கு நாய் தன் விலங்கில்லை. கால்நடைத் துறைக்கு அது பால் தரும் விலங்கில்லை. உள்ளாட்சிக்கு அது ஒரு புகார் மனு. 2001இலும் 2023இலும் வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின் மையம் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும்தான்.

தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த உத்தரவில், பிடிக்கும் நாய்களுக்குக் கருத்தடை, தடுப்பூசி ஆகியவற்றோடு குடற்புழு நீக்கமும் செய்து அதே இடத்தில் விட வேண்டும் என்று சொன்னது. வரவேற்கத்தக்கது, ஆனால் போதாது. அறுவை மேசையில் கொடுக்கும் ஒரு மாத்திரை குடலில் இருக்கும் புழுவை வெளியேற்றும். தசையில் உறங்கும் இளம்புழுவை அது எட்டாது, மண்ணிலிருந்து வரும் மறுதொற்றையும் தடுக்காது. அதோடு, கர்நாடகத்தின் ஆனேக்கல், அத்திப்பள்ளிப் பக்கத்து நாய் ஓசூரின் சூசுவாடிக்கு வர அனுமதிச் சீட்டு வாங்குவதில்லை. இரு மாநில உள்ளாட்சிகளும் ஒரே பருவத்தில் செய்யாத வேலை பாதி வேலைதான்.

செய்யக்கூடியது பெரிய செலவில்லாதது. ஜூலை 6 விலங்குவழி நோய்கள் நாளிலும் செப்டம்பர் 28 வெறிநோய் நாளிலும் நாய்க்கு ஊசி போட வரிசையில் நிற்பவர் கையில், நாயின் எடைக்கேற்ற பைரன்டெல்–பிராசிகுவான்டெல் மாத்திரையையும் கொடுத்துவிடலாம். வீட்டில் பெட்டை ஈன்றிருந்தால், குட்டிகளுக்கு இரண்டாவது வாரத்தில் தொடங்கி எட்டாவது வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து கொடுங்கள். தாய்க்கும் அதே நாளில் கொடுங்கள். ஆட்டுக்கு ஊற்றியது போக மீந்த மருந்தைக் கண்ணளவில் நாய்க்கு ஊற்றாதீர்கள். மாத்திரை வாங்கும் முன் குட்டியை எடை போட்டுப் பாருங்கள். வீட்டில் தராசு இல்லையென்றால் காய்கறிக் கடைத் தராசு போதும்.